ரசமட்டம் வெட்டிய சுவர்

அணை கட்டுகிற இடத்தில் கட்டுகிறவருக்குத்தான் மரியாதை. வெட்டுகிறவரை ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கொத்தனார் வயதான காலத்தில் வந்து நின்று, இது நான் வைத்த கல் என்று தொட்டுக் காட்டலாம். கம்பி கட்டுகிறவர்கூடத் தூணைத் தட்டி, உள்ளே இருப்பது என் கைவேலை என்று சொல்லிக்கொள்ளலாம். பொக்லைன் ஓட்டுகிறவர் எதைக் காட்டுவார்? அவர் தோண்டிய குழியைக் கான்கிரீட் மூடிவிடும். அவர் செதுக்கிய மேட்டை டிப்பர்கள் அள்ளிக்கொண்டு போய்விடும். வேலை ஒழுங்காக நடந்தது என்பதற்கு அடையாளமே அந்த இடத்தில் ஒன்றும் மிச்சமில்லாமல் போவதுதான்.

இந்த வேலையில் இருபத்து நான்கு வருஷம் போட்டவர் ஒருவர் இருந்தார். அப்பா அம்மா வைத்த பெயர் அவருடைய அடையாள அட்டையில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி, முதலாளி முதல் டீ ஊற்றுகிறவர் வரை எல்லோருக்கும் அவர் ரசமட்டம். கொத்தனார் சுவரின் மேல் வைத்து, குமிழி நடுவில் நிற்கிறதா என்று பார்ப்பாரே, அந்தக் கருவியின் பெயர் அது. பொக்லைனின் பக்கெட்டால் ஒரு மண்மேட்டை இழைத்துவிட்டு அவர் இறங்கினால், அதன்மேல் ரசமட்டம் வைத்துப் பார்க்கலாம், குமிழி அசையாது என்று யாரோ சொல்லப்போக, பெயர் ஒட்டிக்கொண்டது. அவரும் அதற்குத் தகுந்தாற்போல் விரல் நீளத்தில் ஒரு ரசமட்டம் வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பேனா வைத்துக்கொள்ள வேண்டிய இடத்தில் அது இருந்தது. எழுதுகிற வேலை அவருக்குக் கிடையாது, அளக்கிற வேலை உண்டு.

பதினெட்டு வயதில் லாரியில் கிளீனராகத் தொடங்கியவர். ஓட்டுநர் சாப்பிடப் போகிற நேரம் பார்த்துப் பொக்லைனில் ஏறி உட்கார்ந்து, திட்டு வாங்கி, இறங்கி, மறுபடியும் ஏறி, அப்படியே கற்றுக்கொண்டார். கை வந்த பிறகு அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் வந்தது. இல்லை என்று சொன்னால் அவருடைய மனைவியே சிரிப்பார். சாப்பாட்டுத் தட்டில் குழம்பு ஒரு பக்கம் ஓடினால், தரை சரியில்லை என்று மேசைக் காலுக்கு அட்டை மடித்து வைக்கிற மனிதர் அவர்.

மனைவி தையற்காரி. அணை வேலைக்காரர்களுக்கென்று தகரத்தில் வரிசையாகப் போட்ட குடியிருப்பில் அவர்களுக்கு இரண்டு அறை. முன்னறையில் பாதியைத் தையல் மெஷின் பிடித்துக்கொண்டிருந்தது. அவர் தைத்தது சட்டை, பாவாடை இல்லை. ஆற்றில் மண் கலங்கிக் கீழே போகாமல் குறுக்கே கட்டுகிற வடிகட்டும் துணி. ஆள் உயரத் துணி, மேல் விளிம்பில் மிதவை கோக்க ஒரு மடிப்பு, கீழ் விளிம்பில் சங்கிலி கோக்க ஒரு மடிப்பு. நாற்பது கெஜம் தைத்து முடித்தால் வீட்டில் கால் வைக்க இடமிருக்காது. கணவர் அதன்மேல் எட்டி எட்டி நடந்துதான் குளிக்கப் போக வேண்டும்.

அவர்களுக்கு ஒரே மகள், ஒன்பதாம் வகுப்பு. ஒரு நாள் சாப்பிடும்போது, பள்ளிக்கூடத்தில் பெற்றோர் வேலையைப் பற்றி எழுதச் சொல்லியிருக்கிறார்கள் என்றாள். எழுதினால் மட்டும் போதாதாம். அவர்கள் செய்த ஒன்றைப் படம் எடுத்து ஒட்ட வேண்டுமாம்.

ரசமட்டம் யோசித்தார். முதலில் வேலை செய்த அணையில் தோண்டியது, இப்போது தண்ணீருக்கு அடியில் போய்விட்ட பள்ளம். இரண்டாவது வாய்க்கால், சிமென்ட் பூசியாகிவிட்டது. மூன்றாவது ஒரு கட்டடத்தின் நிலவறை, அங்கே கார் நிற்கிறது. கடைசியில், பொக்லைனைப் படம் எடுத்து ஒட்டிக்கொள் என்றார்.

"அது கம்பெனியோடதுப்பா," என்றாள் மகள். "நீங்க செஞ்சதுல இன்னும் இருக்கிறது எதுப்பா?"

அவள் ஒன்றும் குத்திக் காட்டிக் கேட்கவில்லை. ஆனாலும் ரசமட்டம் பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவினார். மறுநாள் அவள் ஆற்றுக்குப் போய், அம்மா தைத்த துணி தண்ணீருக்குக் குறுக்கே நிற்பதைப் படம் எடுத்து ஒட்டினாள். மேல்பக்கம் தண்ணீர் தேநீர் நிறம், கீழ்ப்பக்கம் தெளிவு. படம் நன்றாகத்தான் இருந்தது. அதை அவர் இரண்டு தடவை பார்த்துவிட்டு, தையல் கொஞ்சம் கோணல் என்றார். அன்றைக்கு மனைவி அவருக்கு இரண்டாவது டீ கொடுக்கவில்லை.

அந்தத் துணியைத் தைக்கச் சொன்னது பச்சைச் சட்டை. மற்றவர்கள் எல்லோரும் ஆரஞ்சு நிறச் சட்டை போட்டுக்கொண்டு திரிகிற இடத்தில் அவர் ஒருவர் மட்டும் பச்சை. அணை கட்டுவதால் ஆற்றுக்கும் காட்டுக்கும் வருகிற சேதத்தைக் குறைப்பது அவருடைய வேலை. முப்பது வயதுகூட ஆகாத பெண். வண்டிகளுக்கு அடியில் எண்ணெய் சொட்டினால் தட்டு வைக்கச் சொல்வார். புழுதி பறக்கிறது, வேகத்தைக் குறை என்பார். கான்கிரீட் லாரியை ஆற்றங்கரையில் கழுவினால் ஓட்டுநரின் சாவியைப் பிடுங்கிக்கொள்வார். ரசமட்டம் அவரைப் பற்றி, இந்த அம்மா எறும்புக்கும் குடை பிடிப்பார் என்று சொல்லிச் சிரித்ததுண்டு. சிரிப்பில் கூடச் சேர்ந்தவர் மச்சான், அதாவது ரசமட்டத்தின் மனைவிக்கு அண்ணன். பொக்லைனுக்கு முன்னால் நின்று கொடி காட்டி விசில் ஊதுவது அவருடைய வேலை. கொடி காட்டுகிற நேரம் போக மற்ற நேரமெல்லாம் எங்காவது சாய்ந்து கிடப்பார். சாய இடம் இல்லாவிட்டால் கொடிக்கம்பின் மேலேயே சாய்ந்துகொள்வார்.

இனி நடந்ததைக் கேளுங்கள். அது கல்லும் மண்ணும் கொட்டிக் கட்டுகிற அணை. அதன் நடுவில் தண்ணீர் கசியாமல் தடுக்கக் களிமண்ணால் ஒரு சுவர் எழும்ப வேண்டும். அந்தக் களிமண்ணை முன்கூட்டியே கொண்டு வந்து ஆற்றங்கரை ஓரமாகக் குவித்திருந்தார்கள். எண்பது மீட்டர் நீளம், நாற்பது மீட்டர் அகலம், இரண்டு மாடி உயரம். அடித்தளப் பாறையில் விரிசல் அடைக்கிற வேலை பாக்கி இருந்ததால் களிமண் வேலைக்கு மூன்று வாரம் ஓய்வு விட்டார்கள்.

ஓய்வுக்கு முந்தின நாள் காலைக் கூட்டத்தில் பச்சைச் சட்டை ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொன்னார். குவியல்களை நெட்டுக்குத்தாக விட்டுவிட்டுப் போகாதீர்கள், முகப்பைச் சரித்துவிடுங்கள், இது பறவை பொந்து தோண்டுகிற காலம், செங்குத்தான மண் கிடைத்தால் குடி வந்துவிடும், பிறகு கிளப்ப முடியாது.

ரசமட்டம் அதைக் காதால் கேட்டார். கேட்டதோடு சரி. அன்று சாயங்காலம் குவியலின் முகப்பை, பல் இல்லாத பக்கெட்டைப் போட்டு, மேலிருந்து கீழ்வரை ஒரே இழைப்பாக இழைத்துக் கண்ணாடி மாதிரி நிறுத்திவிட்டு இறங்கினார். சரித்துவிட்டால் மழைத் தண்ணீர் மண்ணில் ஊறிவிடும், நிமிர்ந்து நின்றால் வழிந்து ஓடிவிடும் என்று மச்சானிடம் காரணம் சொன்னார். காரணம் உண்மைதான். ஆனால் அது காரணமில்லை. மூன்று வாரம் எல்லோரும் போகிற வருகிற பாதையில், தன் கையால் வெட்டிய மேடு பாதியில் விட்ட குப்பைமேடு போலச் சரிந்து கிடப்பதை அவரால் தாங்க முடியாது. மகள் கேட்ட கேள்வி வேறு உள்ளே உறுத்திக்கொண்டிருந்தது. மூன்று வாரமாவது நிற்கட்டுமே என்று நினைத்தார்.

மூன்று வாரம் கழித்து வந்து பார்த்தால் சுவர் முழுக்க ஓட்டை.

அவருக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. யாரோ கம்பியால் குத்தி விளையாடியிருக்கிறார்கள் என்று நினைத்துக் குடியிருப்புப் பக்கம் பார்த்து நாலு வார்த்தை திட்டினார். அப்போது ஓட்டை ஒன்றிலிருந்து பச்சையாக ஏதோ பாய்ந்து அவர் தலைக்கு மேல் போனது. வாலில் நீலம், கூரான கறுப்பு மூக்கு, கண்ணை வெட்டிக்கொண்டு போகிற கறுப்புக் கோடு. பின்னாலேயே இன்னொன்று வந்து, வாயில் கவ்விய தும்பியோடு ஓட்டைக்குள் நுழைந்தது.

பச்சைச் சட்டை வந்து தூரத்திலேயே நின்று தொலைநோக்கியில் பார்த்தார். பஞ்சுருட்டான் என்றார். தொண்ணூற்றாறு பொந்து, எல்லாம் மேல்பாதியில். முட்டை வைத்தாகிவிட்டது. குஞ்சு பொரித்துப் பறந்து போக ஆறு வாரம் ஆகும். வேறு எதையும் அவர் சொல்லவில்லை, ரசமட்டத்தின் முகத்தையும் பார்க்கவில்லை. நன்றாகத் திட்டியிருந்தால் ரசமட்டத்துக்கு அன்று தூக்கம் வந்திருக்கும்.

தலைமைப் பொறியாளரின் அறையில் கூட்டம் கூடியது. அறை நடுவில் கண்ணாடிப் பெட்டிக்குள் அணையின் மாதிரி இருந்தது. நீலச் சாயம் பூசிய ஆறு, பஞ்சில் செய்த மரங்கள். ஆறு பெருகி வர ஏழு வாரம்தான் இருக்கிறது, அதற்குள் களிமண் சுவர் கரைப் பாறையில் போட்ட சிவப்புக் கோட்டுக்கு ஏறியாக வேண்டும், இல்லையென்றால் வெள்ளம் மேலேறி இரண்டு வருஷ வேலையை வாரிக்கொண்டு போகும் என்றார் தலைமைப் பொறியாளர். டிப்பர் நிற்கிற பாதை முகப்புப் பக்கம். முகப்பை இடித்து எடுத்தால் பொந்துகள் போகும். முகப்பைத் தொடக்கூடாது என்றால், அக்கரைக் குன்றில் புதிதாகக் களிமண் வெட்ட வேண்டும். அதற்குப் பாதை போட முந்நூறு மரம் விழ வேண்டும். இரண்டில் எது வேண்டும் என்று அவர் பச்சைச் சட்டையைக் கேட்டார். அந்தப் பெண்ணுக்கு முகம் வெளிறிவிட்டது.

"இந்த மேட்டை நிமிர்த்தி விட்டது யாரு?" என்றார் தலைமைப் பொறியாளர்.

ஓய்வுக்கு முந்தின நாள் இரண்டாவது ஷிப்டில் ஓட்டியவர் சொந்த ஊர் போய்விட்டார், இன்னும் திரும்பவில்லை. வாயை மூடிக்கொண்டு இருந்தால் பழி அங்கே போய்ச் சேர்ந்திருக்கும். மச்சான் மேசைக்கு அடியில் ரசமட்டத்தின் காலை மிதித்தார், பேசாமல் இரு என்று. ரசமட்டம் எழுந்தே நின்றுவிட்டார்.

"நான்தான் சார். மேடம் சரிச்சு விடச் சொன்னாங்க. எனக்குக் கேட்டுச்சு. நான்தான் செய்யல."

தலைமைப் பொறியாளர் கையிலிருந்த பேனாவை மூடி வைத்தார்.

"பின்பக்கமா வெட்டி எடுக்கிறேன் சார்," என்றார் ரசமட்டம். "முகப்புச் சுவரை அப்படியே நிக்க விட்டுட்டு, முதுகுப் பக்கம் இருக்கிற மண்ணு பூரா எடுத்துத் தர்றேன். கோட்டுக்கு ஏத்த அது போதும்."

"சுவர் விழுந்துட்டா?"

"விழுந்துட்டா நான் அந்த மெஷின்ல இனிமே உக்கார மாட்டேன்."

சொன்ன பிறகுதான் சொன்னது என்ன என்று அவருக்கே தெரிந்தது. வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்பார்களே, அதுதான். ஆனால் அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும், ரசமட்டம் போட்ட கணக்கு தப்பியதில்லை. தலைமைப் பொறியாளர் கண்ணாடிப் பெட்டியைக் குனிந்து பார்த்துவிட்டு, பின்பக்கம் பாதை போட இரண்டு நாள் கொடுத்தார்.

வீட்டில் மனைவி விஷயத்தைக் கேட்டுவிட்டு மெஷினை நிறுத்தினார். அவர் சண்டைக்கு வரப்போகிறார் என்று ரசமட்டம் தயாராக இருந்தார். மனைவியோ கையில் இருந்த துணியின் தையலை இழுத்துப் பார்த்துக்கொண்டே, "கோணலா தச்சா பிரிச்சுத் தைக்கலாம். நீங்க கோணலா வெட்டினா ஒட்ட முடியாது. பாத்து வெட்டுங்க," என்றார். படத்தைப் பார்த்துக் கோணல் என்று சொன்னதை அவர் மறக்கவே இல்லை.

பொந்து ஒவ்வொன்றும் ஓர் ஆள் படுத்தால் எவ்வளவு நீளமோ அவ்வளவு ஆழம் போகும் என்றார் பச்சைச் சட்டை. அதுபோல் இரண்டு மடங்கு கனம் மேலே விடச் சொன்னார். ரசமட்டம் கீழே இன்னும் கொஞ்சம் கூட்டி, முதுகுப் பக்கம் படி படியாக இறங்குகிற மாதிரி வெட்டுவது என்று முடிவு செய்தார். முதல் நாளே டிப்பர் ஓட்டுநர்களைக் கூட்டிவைத்து, பின்கதவைத் தடாலென்று அடிக்கக்கூடாது, ஹாரன் கூடாது, தள்ளித்தான் திருப்ப வேண்டும் என்று சட்டம் போட்டார். எறும்புக்குக் குடை பிடிக்கிற ஆள் இன்னொருத்தரும் கிடைத்துவிட்டார் என்று அவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எங்கே பிறந்தது என்று தெரிந்ததால் அவர் வாங்கிக்கொண்டார்.

பொக்லைனின் கை நீளமானது, முரடானது. ஒரு தடவை வீசி அள்ளினால் ஒரு கார் அளவு மண் வரும். அதை வைத்துக்கொண்டு அவர் சுவரின் முதுகைக் கரண்டியால் வழிப்பது போல் வழித்து எடுத்தார். மேலிருந்து ஒரு படி, பிறகு அதற்குக் கீழே ஒரு படி. பக்கெட்டை இழுக்கும்போது மண்ணில் ஓர் அதிர்வு கிளம்பும். அது சுவர் வரை போகிறதா என்று பார்க்க, தன் சட்டைப் பையிலிருந்த ரசமட்டத்தை எடுத்துச் சுவரின் உச்சியில் வைக்கச் சொன்னார். மச்சான் அதன் பக்கத்தில் உட்கார்ந்து குமிழியைப் பார்த்துக்கொண்டிருந்தார். குமிழி துடித்தால் கொடி ஏறும், ரசமட்டம் கையை மெதுவாக்குவார். மச்சான் வாழ்க்கையில் முதல் தடவையாகச் சாயாமல் உட்கார்ந்திருந்தார். பகல் பூராவும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துவிட்டுச் சாயங்காலம் வீட்டுக்கு வந்து, தங்கச்சி, எனக்குச் சாப்பாட்டுத் தட்டிலும் குமிழி தெரியுது என்று புலம்பினார்.

பத்து நாளில் அணை நடுவே களிமண் சுவர் கோட்டுக்குப் பாதி ஏறிவிட்டது. பொந்துகளில் குஞ்சு பொரித்துவிட்டது என்பதைச் சொல்லத் தொலைநோக்கி தேவைப்படவில்லை. அத்தனை ஓட்டையிலிருந்தும் ஒரு கிரீச்சொலி வந்தது.

பதினோராம் நாள் முற்பகலில் மச்சான் விசில் ஊதினார். நீளமாக, நிறுத்தாமல் ஊதினார். ரசமட்டம் இயந்திரத்தை அணைத்துவிட்டு ஏணி வைத்து மேலே ஏறினார். சுவரின் உச்சியில், மேற்கு ஓரத்தில், ஒரு விரிசல் ஓடியது. நூல் கனம்தான். பொந்துகளின் முடிவுக்குக் கொஞ்சம் பின்னால், அவற்றுக்கு இணையாக, பத்து மீட்டர் நீளத்துக்குப் போனது. அதற்கு அர்த்தம் என்ன என்று அவருக்குத் தெரியும். அந்தப் பத்து மீட்டர் முகப்பு ஆற்றுப் பக்கமாகச் சாய ஆரம்பித்திருக்கிறது. அதில் முப்பது பொந்தாவது இருக்கும்.

விரிசலின் இரண்டு பக்கமும் ஆணி அடித்து நூல் கட்டினார்கள். ஒரு மணி நேரத்தில் நூல் விறைத்துக்கொண்டது.

ரசமட்டம் ஏணியிலேயே உட்கார்ந்துவிட்டார். பின்பக்கம் மண் எடுப்பதை நிறுத்தினாலும் சாய்வது நிற்காது. முன்பக்கம் முட்டுக் கொடுக்க வேண்டும். அதாவது முகப்பின் அடியில் மண்ணைப் போட்டு, சரித்து, அணைத்துப் பிடிக்க வைக்க வேண்டும். எந்தச் சரிவை அவர் ஓய்வுக்கு முந்தின நாள் போடாமல் விட்டாரோ, அதே சரிவு.

பச்சைச் சட்டை ஓடி வந்தார். சரிவு சுவரில் மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்கு மேல் போகக்கூடாது, போனால் பாம்பும் கீரியும் அதில் ஏறிப் பொந்துக்குப் போய்விடும் என்றார். தாய்ப்பறவைகள் பயந்து ஓடிவிடாமல் வேலை நடக்க வேண்டும், அதிக நேரம் ஓடிவிட்டால் குஞ்சுகள் பட்டினி. அரை மணி வேலை, அரை மணி ஓய்வு.

"அண்ணே, கொட்டக்கூடாது. வைக்கணும். முடியுமா?" என்றார்.

"வைக்கிறேன் மேடம்," என்றார் ரசமட்டம். "நீங்க நேரத்தை மட்டும் பாருங்க."

பொக்லைன் முன்பக்கம் வந்து, சுவரின் நேர் எதிரே நிற்காமல் ஓரமாக நின்றது. பக்கெட்டில் பாதி மண். கையை முழுக்க நீட்டி, பக்கெட்டின் உதட்டைத் தரையில் வைத்து, கவிழ்ப்பது கண்ணுக்கே தெரியாத மெதுவில் கவிழ்த்தார். மண் விழவில்லை, இறங்கியது. பக்கெட்டின் முதுகால் அதை ஒரு தடவை அழுத்தினார். அடுத்த பக்கெட். வியர்வை கண்ணில் இறங்கியது. துடைக்கக் கையை எடுக்கவில்லை. அரை மணி ஆனதும் பச்சைச் சட்டை கையைத் தூக்கினார். எல்லோரும் மூச்சை விட்டார்கள். மின்கம்பியில் போய் உட்கார்ந்திருந்த பறவைகள் ஒவ்வொன்றாக வந்து பொந்துக்குள் போயின. அரை மணி கழித்து மறுபடியும் தொடங்கினார்.

இதை இரண்டு பகல் செய்தார். கரணம் தப்பினால் மரணம் என்று சொல்வார்களே, இங்கே தப்புவது இவருடைய கரணம், மரணம் முப்பது பொந்துக்கு. டிப்பர் ஓட்டுநர்கள் வண்டியை அணைத்துவிட்டுத் தூரத்தில் நின்று பார்த்தார்கள். இப்போது ஒருவரும் சிரிக்கவில்லை. இரண்டாம் நாள் சாயங்காலம் மச்சான் மேலேயிருந்து எட்டிப் பார்த்து, தன் கொடியைத் தலைக்கு மேல் சுற்றினார். நூல் தளர்ந்திருந்தது.

மிச்சம் நேர்கோட்டில் நடந்தது. முதுகுப் பக்கத்து மண் முழுவதும் போய்ச் சேர்ந்தது. ஆறு பெருகுவதற்கு ஐந்து நாள் முன்னால் களிமண் சுவர் சிவப்புக் கோட்டைத் தொட்டது. அக்கரையில் முந்நூறு மரமும் நின்ற இடத்தில் நின்றன. அதே வாரத்தில் தொண்ணூற்றாறில் தொண்ணூற்று மூன்று பொந்துகளிலிருந்து குஞ்சுகள் வெளியே வந்து, பறக்கத் தெரியாமல் பறந்து, கம்பியில் ஒன்றின்மேல் ஒன்று இடித்துக்கொண்டு உட்கார்ந்தன. மூன்று பொந்துகளில் எறும்பு புகுந்துவிட்டது. அந்த மூன்றையும் ரசமட்டம் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

காலைக் கூட்டத்தில் தலைமைப் பொறியாளர் பாராட்டிப் பேசினார். அவருக்குப் பாராட்டத் தெரியாது. "பரவாயில்ல," என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். பிறகு, பறவை போய்விட்டதால் மிச்சச் சுவரையும் எடுத்துவிடலாம், அந்த மண்ணும் தேவை என்றார்.

நியாயம்தான். ரசமட்டம் மறுக்கவில்லை. ஆனால் பதிலுக்கு ஒன்று கேட்டார். அணைக்குக் கீழே, ஆற்றின் வளைவில், உதவாத மண்ணைக் கொட்டிய மேடு ஒன்று இருந்தது. அங்கே யாரும் எதுவும் கட்டப்போவதில்லை. அந்த மேட்டின் ஆற்றுப் பக்கத்தை நிமிர்த்தி வெட்ட அனுமதி வேண்டும் என்றார். பறவைகள் இங்கேதான் பழகிவிட்டன, அடுத்த வருஷமும் வரும், குவியல்களை நான் சரித்துவிடுகிறேன், அவற்றுக்கு நிற்க ஓர் இடம் வேண்டாமா என்று கேட்டார். பச்சைச் சட்டை அன்றைக்கே அதைத் திட்டத் தாளில் ஏற்றிவிட்டார். இடம் மாற்றக்கூடாது, இடிக்கக்கூடாது என்று எழுதித் தலைமைப் பொறியாளரிடம் கையெழுத்தும் வாங்கினார்.

ரசமட்டம் அதை ஒரு ஞாயிற்றுக்கிழமை வெட்டினார். நீளம் நூறு மீட்டர். அடியில் முதலிலேயே அளவோடு ஒரு சரிவு வைத்தார், ஒருவரும் சொல்லாமலே. முகப்பிலிருந்து முப்பது மீட்டர் தள்ளிக் கயிறு கட்டி, தாண்டக்கூடாது என்று பலகையும் வைத்தார்.

அடுத்த பருவம் வந்தது. அணை வேலை நடந்த இடம் முழுக்க, இருக்கிற குவியலெல்லாம் சரிந்து கிடந்தது. சரித்தவர் ரசமட்டம். புதிதாக வந்த ஓட்டுநர் ஒருவர் ஒரு மேட்டை நிமிர்த்தி விட்டுப் போனபோது, அவர் விட்ட சத்தம் குடியிருப்பு வரை கேட்டது. சுவர் மட்டும் ஆற்று வளைவில் ஓட்டை இல்லாமல் பளபளவென்று நின்றது. பறவைகள் வரவில்லை. ஒரு வாரம், இரண்டு வாரம். மச்சான், வாடகை அதிகம் போல என்றார். மனைவி, அழகா வெட்டினா போதுமா, அழைப்பு வச்சீங்களா என்று கேட்டார். ரசமட்டம் தினமும் வேலை முடிந்து கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டு வந்தார். போன வருஷம் ஓட்டை போட்டதற்காகத் திட்டிய அதே மனிதர்தான்.

மூன்றாம் வாரம் ஒரு சாயங்காலம் அவர் வீட்டுக்குள் நுழைந்து, துணியை எட்டித் தாண்டாமல் அதன்மேலேயே மிதித்துக்கொண்டு வந்து, ஏழு என்றார். மறுநாள் பத்தொன்பது.

அணை திறந்த நாளில் கூட்டம் நெரிந்தது. புதிய கல்வெட்டில் வரிசையாகப் பெயர்கள் இருந்தன. ரசமட்டத்தின் இரண்டு பெயரும் அதில் இல்லை, அவரும் தேடவில்லை. மனைவியையும் மகளையும் மச்சானையும் கூட்டிக்கொண்டு ஆற்று வளைவுக்கு நடந்தார். அது அந்தச் சுவரின் நான்காவது பருவம். மகள் அதற்குள் கல்லூரிக்குப் போயிருந்தாள். கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று ரசமட்டம் ஓட்டைகளை எண்ணினார். இருநூற்றுப் பன்னிரண்டு. தன் கைக்கு இவ்வளவு நேரான சுவர் அமைந்ததே இல்லை என்றும், அதை இவ்வளவு அசிங்கமாக யாரும் குத்திக் குதறியதே இல்லை என்றும் பெருமையாகச் சொன்னார்.

கூட்டத்திலிருந்து வழி தவறி வந்த ஒரு குடும்பம் பக்கத்தில் வந்து நின்றது. சுவர் முழுக்கப் பச்சையும் நீலமுமாகப் பாய்ந்துகொண்டிருப்பதைப் பார்த்து, அந்தக் குடும்பத்துப் பெண்மணி மகளிடம் இது யார் கட்டியது என்று கேட்டார்.

"கட்டினது இல்லைங்க," என்றாள் மகள். "வெட்டினது. எங்க அப்பா வெட்டினது."

கைப்பேசியை எடுத்துப் படம் பிடித்தாள். ஒட்டுவதற்கு இப்போது நோட்டு ஏதும் இல்லை. அப்பாவும் படத்தில் வர வேண்டும், திரும்புங்கள் என்றாள். ரசமட்டம் திரும்பவில்லை. எண்ணிக்கையில் ஒன்று விட்டுப்போச்சு என்று சொல்லி முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தார்.

மனைவி முந்தானையை எடுத்து அவர் கையில் கொடுத்தார். "எண்ணினது போதும். முகத்தைத் துடைச்சுட்டுத் திரும்புங்க, பிள்ளை படம் எடுக்கணும்ல."